இதயமா, நுரையீரலா, இரண்டுமா?

மூச்சு வாங்குகிறது என்று அவசரப் பிரிவுக்கு வருபவரின் பழைய சீட்டில் ‘சி.ஓ.பி.டி.’ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று எழுதியிருந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நெபுலைசர் வைப்பார்கள். ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சளி மஞ்சளாக இருந்தால் ஆன்டிபயாடிக்கும் சேரும். திணறலுக்குக் காரணம் உண்மையிலேயே நுரையீரலாக இருந்தால் இதில் தவறேதும் இல்லை. காரணம் இதயம் என்றால் கதை வேறு. நெபுலைசரில் போகும் சல்பியூட்டமால், ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கும் இதயத்தை இன்னும் விரட்டும். ஸ்டீராய்டு உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். உடனே தேவைப்பட்ட நீர்பிரியும் ஊசி, நான்கைந்து மணி நேரம் கழித்து யாருக்காவது சந்தேகம் தட்டும்போதுதான் போடப்படும்.

இது எப்போதோ நடக்கும் விபத்து அல்ல. மூச்சுத்திணறலுடன் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றிய பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதி 2003இல் வெளியானது. ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ உள்ளவர்கள், இதயச் செயலிழப்பு இருப்பதாக அதுவரை யாரும் சொல்லாதவர்கள் என 417 பேரை அதில் தனியே எடுத்துப் பார்த்தார்கள். 87 பேருக்கு இதயச் செயலிழப்பு இருந்தது. அவசரப் பிரிவு மருத்துவர்கள் அடையாளம் கண்டதோ அவர்களில் 37 சதவீதம் பேரைத்தான். 2005இல் நெதர்லாந்தில், குடும்ப மருத்துவரிடம் சி.ஓ.பி.டி.க்குச் சிகிச்சை பெற்றுவந்த 65 வயதுக்கு மேற்பட்ட 405 பேரைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு யாருக்கும் தெரியாத இதயச் செயலிழப்பு இருந்தது. இவர்கள் திணறிக்கொண்டு ஓடி வந்தவர்கள் அல்ல, வீட்டில் ஓரளவு நிலையாக இருந்தவர்கள்.

மருத்துவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. இரண்டு நோய்களுக்கும் ஒரே வயது, பெரும்பாலும் ஒரே பீடி சிகரெட். மாடிப்படி ஏறினால் இளைப்பு, படுத்தால் திணறல், கால் வீக்கம் எல்லாம் இரண்டிலும் வரும். இதயம் தளர்ந்தவருக்கும் வீசிங் கேட்கும், இதய ஆஸ்துமா என்று அதற்குப் பழைய பெயரே உண்டு. எக்ஸ்ரேயில் காற்றால் புடைத்த நுரையீரல் இதயத்தைச் சிறிதாகக் காட்டும். அதே காற்று எக்கோ கருவியின் பார்வையையும் மறைக்கும். இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பி.என்.பி. அளவைப் பார்க்கலாம் என்றால், நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் திணறும்போதும் அது ஏறும், உடல் பருத்தவருக்கு இறங்கும். ஏறக்குறைய எல்லாச் சோதனைகளும் தடுமாறும் இந்த இடத்தில்தான், ‘நெஞ்சின் மேல் ப்ரோபை வையுங்கள், மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும்’ என்று நுரையீரல் அல்ட்ராசவுண்ட் முன்வந்தது. அந்த வாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்ட் ஆகாது என்பதுதான் நெடுங்காலம் பாடமாக இருந்தது. ஒலி காற்றில் ஊடுருவாது, காற்றுப் பையில் எதைப் பார்ப்பது என்று கேட்டார்கள். பாரிஸை ஒட்டிய ஆம்ப்ருவாஸ் பாரே மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் அந்தக் கேள்வியையே புரட்டிப் போட்டார். உறுப்பு தெரியாவிட்டால் போகட்டும், திரையில் விழும் போலிப் பிம்பங்களைப் படிப்போம் என்றார். காற்று நிறைந்த நுரையீரலில் ஒலி மேலுறையிலேயே மோதித் திரும்பும். ப்ரோபுக்கும் உறைக்கும் இடையே அது போய்ப் போய் வருவதால் சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் விழும். இவை ஏ-கோடுகள். நுரையீரலின் நுண்ணிய இடைச்சுவர்களில் நீர் கோர்த்து அவை தடித்தால், உறையிலிருந்து திரையின் அடிவரை செங்குத்தான வெண்கற்றைகள் இறங்கும். மூச்சோடு சேர்ந்து அசையும், ஏ-கோடுகளை அழித்துவிடும். இவை பி-கோடுகள்.

1998இல் அவரும் சக ஆய்வாளர் மெசியேரும் வெளியிட்ட கட்டுரை நம் கேள்விக்கே நேராக எழுதப்பட்டது. மூச்சுத்திணறலோடு வந்த 66 பேரில் 40 பேருக்கு நுரையீரலில் நீர்க்கோர்வை, 26 பேருக்கு சி.ஓ.பி.டி. நீர் கோர்த்த 40 பேருக்கும் இரு பக்கமும் பி-கோடுகள் தெரிந்தன. சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் 24 பேருக்கு அப்படித் தெரியவில்லை. சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு குழம்பியிருந்த தலைமுறைக்கு இது எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்தால், பிறகு எழுந்த உற்சாகத்தைப் புரிந்துகொள்ளலாம். 2008இல் வந்த ‘புளூ’ நெறிமுறை அந்த உற்சாகத்தை உலகெங்கும் கொண்டுபோனது. கோடுகளின் வகை, உறை வழுக்குகிறதா இல்லையா, கால் சிரையில் ரத்தக்கட்டி உண்டா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் 90.5 சதவீதம் பேருக்குச் சரியான காரணம் கிடைத்தது. நீர்க்கோர்வையைக் கண்டுபிடிக்கும் திறன் 97 சதவீதம், இல்லாதவரை இல்லை என்று ஒதுக்கும் திறன் 95 சதவீதம்.

இந்த இடத்தில் கட்டுரையின் முடிவுரையை விட்டுவிட்டு, யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற பகுதிக்குப் போக வேண்டும். புளூ ஆய்வில் முதலில் எடுத்துக்கொண்டவர்கள் 301 பேர். கணக்கில் வந்தவர்கள் 260 பேர். விடப்பட்ட 41 பேரில் 16 பேருக்குக் கடைசிவரை காரணம் பிடிபடவில்லை, 9 பேருக்கு அரிய காரணங்கள். மீதி 16 பேர் விடப்பட்டதற்குக் காரணம், அவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்தன என்பதுதான். ஒரு நெறிமுறையை முதன்முதலில் வடிவமைக்கும்போது தெளிவான நோயாளிகளை மட்டும் எடுப்பது முறைகேடு அல்ல, ஆசிரியர் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் நம் கேள்வியே ‘சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு இதயமும் பழுதா?’ என்பது. அந்தக் கேள்விக்குரியவர்கள் சல்லடையில் தங்காமல் போன பிறகு வந்த சதவீதத்தைத்தான் அதே கேள்விக்குப் பதிலாக மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

1998 கட்டுரையின் சட்டகமும் இதுவே: ஒருவருக்கு ஒரு நோய். இதயம் அல்லது நுரையீரல். வார்டில் படுத்திருக்கும் 70 வயதுக்காரருக்கு இந்த ‘அல்லது’ பொருந்துவதில்லை. அவருக்கு இரண்டும் இருக்கும், இரண்டில் எது இன்றைக்குக் கூடியிருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு, பயிற்சி வகுப்புகளில் இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அல்ட்ராசவுண்டுக்கு சி.ஓ.பி.டி. தெரியவே தெரியாது. மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தை அது காண்பதில்லை. ஏ-கோடுகள் தெரிகின்றன, உறை வழுக்குகிறது, ரத்தக்கட்டி இல்லை, ஆகவே சி.ஓ.பி.டி. அல்லது ஆஸ்துமா என்று மற்றவற்றை நீக்கி மிஞ்சியதைத்தான் சொல்கிறது. ஆரோக்கியமானவரின் நெஞ்சிலும் அதே ஏ-கோடுகள்தான். ரத்தச்சோகையால் இளைப்பவருக்கும் அவைதான். இத்தாலியின் ஃபிளாரன்ஸில் 2,683 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்கிறது. இதயச் செயலிழப்பைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்ட் முந்தியது. சி.ஓ.பி.டி., ஆஸ்துமா விஷயத்திலோ வழக்கமான பரிசோதனையே மேல் என்று வந்தது. நேரத்தில் மட்டும் ஒப்பீடே கிடையாது: ஒரு முடிவுக்கு வர அல்ட்ராசவுண்டுக்குச் சராசரியாக 24 நிமிடம், வழக்கமான வழிக்கு 186 நிமிடம்.

இந்த வேகத்தைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. திணறுகிறவருக்கு மூன்று மணி நேரம் என்பது வாழ்வுக்கும் வென்டிலேட்டருக்கும் இடையிலான தூரமாகலாம். ஸ்லோவேனியாவின் மரிபோர் நகரில் ஆம்புலன்ஸ் மருத்துவர்கள் நோயாளி மருத்துவமனை வந்து சேர்வதற்கு முன்பே 218 பேருக்கு இந்தச் சோதனையைச் செய்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பி-கோடுகள் தனியாகவே இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் 100 சதவீதம் பேரைப் பிடித்தன, இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விலக்கின. என்.டி.-புரோ-பி.என்.பி. ரத்தச் சோதனையையும் சேர்த்தபோது இரண்டும் 100. மருத்துவத்தில் 100 என்ற எண்ணைப் பார்த்தால் மகிழ்வதற்கு முன் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்ல பழக்கம். ஆனாலும், தெருவில் நிற்கும் வண்டிக்குள் எக்ஸ்ரே எடுக்க முடியாது, ப்ரோபை வைக்க முடியும் என்ற உண்மை அந்த எண்ணைச் சார்ந்தது அல்ல.

உற்சாகம் சற்றுத் தணிந்த பிறகு, 2019இல் ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அல்ட்ராசவுண்டின் கண்டறியும் திறன் 88 சதவீதம், விலக்கும் திறன் 90. மார்பு எக்ஸ்ரேக்கு முறையே 73, 90. எக்ஸ்ரேயைவிட மேல் என்பதில் ஐயமில்லை, அற்புதம் என்று சொல்லவும் முடியாது. இந்த எண்களை நெதர்லாந்து விகிதத்தோடு பொருத்திப் பார்ப்போம். 100 சி.ஓ.பி.டி. நோயாளிகளில் 20 பேருக்கு மறைந்த இதயச் செயலிழப்பு என்று கொண்டால், கருவி 18 பேரைப் பிடிக்கும், 2 பேரை விடும். நோயில்லாத 80 பேரில் 8 பேரை வீணாகச் சுட்டும். ஆக, ‘ஆம்’ என்று காட்டிய 26 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதயத்தில் பழுதில்லை. அந்த ஒருவருக்கு நீர்பிரியும் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் பதில் சொல்ல வேண்டிவரும்.

அந்த 8 பேர் யார்? பி-கோடு இதயத்தின் கையெழுத்து அல்ல. உறைக்குக் கீழே இடைச்சுவர் தடித்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. நீராலும் தடிக்கும், சீழாலும் தடிக்கும், தழும்பாலும் தடிக்கும். இரு பக்க நிமோனியா, நுரையீரல் நார்த்திசு நோய் எல்லாம் அதே கற்றைகளை எழுப்பும். கொரோனா காலத்தில் இளம் மருத்துவர்கள் பலர் பி-கோட்டை முதன்முதலாகக் கற்றது வைரஸ் நிமோனியாவில்தான், இதய நோயில் அல்ல. சிகரெட் புகைத்தவர்களில் சிலருக்கு நுரையீரலின் மேற்பகுதியில் காற்றறைகள் அழியும் எம்ஃபசீமாவும் கீழ்ப்பகுதியில் நார்த்திசுவும் சேர்ந்தே இருக்கும். 2005இல் பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட் கோத்தன் குழுவினர் இதைத் தனியொரு நிலையாக விவரித்தார்கள். நம் ஊரில் இதனோடு ஆறிப்போன காசநோயின் தழும்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சி.ஓ.பி.டி. என்று எழுதப்பட்ட பலரின் நுரையீரலில் இளவயதுக் காசநோயோ பல்லாண்டு விறகடுப்புப் புகையோ தன் தடத்தை விட்டிருக்கும். ஐரோப்பிய அவசரப் பிரிவுகளில் கிடைத்த 90 சதவீதத்தை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது.

வேறுபாடு தெரியாமலே போய்விடும் என்பதில்லை. நீர்க்கோர்வையில் உறை மெல்லிய, வழவழப்பான கோடாக இருக்கும். கற்றைகள் இரு பக்கமும் ஒருசீராக, கீழே போகப்போக அதிகமாகும். நார்த்திசுவில் உறை கரடுமுரடாக, அறுந்து அறுந்து தெரியும். பழகிய கண் இதைப் பிரித்துவிடும். கோடுகளை எண்ண மட்டும் கற்றுக்கொண்ட கண் பிரிக்காது. இன்றைய பயிற்சியின் பெரிய குறை எண்ணுவதற்குக் கொடுக்கும் முக்கியத்துவம்தான் என்று நினைக்கிறேன். கையடக்கக் கருவிகளில் தானாகவே எண்ணிச் சொல்லும் மென்பொருளும் வந்துவிட்டது, அது இந்தக் குறையை வளர்க்கவே செய்யும்.

எண்ணிக்கையிலும் ஆயிரம் ஓட்டை. படுக்கவைத்துப் பார்த்தால் கோடுகள் கூடும், உட்காரவைத்தால் குறையும். காணொளித் துணுக்கு நீண்டால் கூடும். வயிற்றுக்கும் கருவுக்கும் அழகான படம் தருவதற்காகக் கருவியில் சேர்த்திருக்கும் மெருகூட்டும் வசதிகள் போலிப் பிம்பங்களைத் துடைத்துவிடும். துடைக்கப்படுவதுதான் இங்கே நாம் தேடும் பொருள்.

தப்பிவிடும் அந்த 2 பேர் பக்கம் வருவோம். எண்ணிக்கையில் சிறியவர்கள் என்றாலும் எனக்கு அதிகக் கவலை இவர்களைப் பற்றித்தான். 88 சதவீதம் என்பது திணறிக்கொண்டு வந்தவர்களிடம் கிடைத்த எண். அவர்களுக்கு நீர் அப்போது நுரையீரலில் இருந்தது. வீட்டிலிருந்து நடந்து வந்து புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதயம் தளர்ந்திருக்கலாம், நுரையீரல் இன்னும் உலர்ந்தே இருக்கலாம். குறிப்பாக, நன்றாகச் சுருங்கினாலும் சரியாக விரிந்துகொடுக்காத இதயம் உள்ளவர்கள் ஓய்வில் எதையும் காட்டமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைப் படுத்தபடியே சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்த மேயோ கிளினிக் ஆய்வு 2019இல் வெளியானது. உழைப்பின்போது ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பி-கோடுகள் புதிதாகத் தோன்றின அல்லது கூடின. அப்படியானால் ஓய்வில் எடுத்த படம் அவர்களில் பலரை நலமாக இருப்பவர் என்று அனுப்பியிருக்கும்.

சி.ஓ.பி.டி. இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. எம்ஃபசீமாவில் காற்றறைகளின் சுவர்களும் நுண்குழாய்களும் அழிந்துபோன பகுதிகளில் நீர் கோர்க்க இடமே இல்லை. அதனால்தான் எக்ஸ்ரேயில் இவர்களின் நீர்க்கோர்வை ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். 2012இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த விதி, நெஞ்சை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பி-கோடுகள் தெரிந்தால் அந்தப் பகுதி ‘ஆம்’. இரு பக்கமும் தலா இரண்டு பகுதிகளாவது ‘ஆம்’ என்றால்தான் நீர்க்கோர்வை. ஒருசீரான நுரையீரலுக்கு நியாயமான விதி. பாதி அழிந்த நுரையீரலில் நீர் திட்டாகத் தேங்கும்போது, விதி நிறைவேறாமல் நோய் மட்டும் இருக்கும். இந்த நோயாளிகளுக்குத் தனி வரையறை வேண்டும் என்று கேட்பது அதிகப்படி அல்ல.

கண்டுபிடித்துவிட்டால் நோயாளிக்கு நன்மை கிடைக்கிறதா என்பது வேறு கணக்கு. 2021இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், அவசரப் பிரிவில் பி-கோடுகளைப் பார்த்துப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு மணி நேர முடிவில் வழக்கமான சிகிச்சைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. பார்சிலோனாவில் இதயச் செயலிழப்பால் படுத்து வீடு திரும்பிய 123 பேரைத் தொடர்ந்தபோது, நுரையீரலைப் படம் பார்த்து மருந்தை மாற்றியவர்களுக்கு அவசர வருகைகள் குறைந்தன. இறப்பும் மறுபடி படுக்கை சேர்வதும் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. இரண்டுமே இதய நோயாளிகளைப் பற்றியவை, சி.ஓ.பி.டி.க்கென்று நடத்தப்பட்டவை அல்ல. ஆனாலும் ஒரு குறிப்புக் கிடைக்கிறது: ஒருமுறை பார்த்து முத்திரை குத்துவதைவிட, ஒரே ஆளை அடுத்தடுத்துப் பார்ப்பதில்தான் இக்கருவியின் பலம் அதிகம். டயாலிசிஸில் நீரை எடுக்க எடுக்க, சில மணி நேரத்திலேயே பி-கோடுகள் குறைவதைக் காணலாம். தழும்பு அப்படி மறையாது. நீர்பிரியும் ஊசிக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில், அதே நிலையில் வைத்துப் பார்த்தால், நீரா நார்த்திசுவா என்ற கேள்விக்கு நுரையீரலே பதில் சொல்லிவிடும். இரண்டு நோயும் உள்ளவருக்கு இதைவிட நேர்மையான சோதனை படுக்கையருகில் வேறில்லை. இதைச் செய்யும் வார்டுகள் குறைவு, ஏனென்றால் மறுபடி பார்ப்பதற்கு எந்த நெறிமுறைப் படத்திலும் கட்டம் இல்லை.

இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு, அது மருத்துவம் சார்ந்ததல்ல. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவி எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். கையடக்கக் கருவியை நினைத்த இடத்துக்கெல்லாம் எடுத்துச் செல்ல முடியாது. உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைகளை நினைவில் வைத்திருக்கும் தமிழர் யாரும் அந்தச் சட்டத்தின் தேவையைக் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் 70 வயது ஆணின் நெஞ்சைப் பார்க்கும் ப்ரோபும் அதே வலையில் சிக்குகிறது. மரிபோர் ஆம்புலன்ஸில் நடந்ததை இங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வீடு தேடிப் போய்ச் செய்ய நினைத்தால், முதலில் அவர் காகிதங்களைத் தேட வேண்டியிருக்கும்.

என் கணிப்பு இது. திணறலோடு வரும் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு நெபுலைசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ரோபை வைத்துப் பார்ப்பது இனி கட்டாயமாக வேண்டும், எக்ஸ்ரேக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வழவழப்பான உறையுடன் இரு பக்கமும் கற்றைகள் தெரிந்தால் இதயத்தைச் சந்தேகித்துச் சிகிச்சையைத் தொடங்கலாம், உறுதிக்கு எக்கோவும் பி.என்.பி.யும் பின்னால் வரட்டும். தெரியாவிட்டால், ‘இப்போது நுரையீரலில் நீர் இல்லை’ என்று எழுத வேண்டும், ‘இதயச் செயலிழப்பு இல்லை’ என்று எழுதக் கூடாது. புறநோயாளியாக வரும் நிலையான நோயாளியிடம் மறைந்த இதயப் பழுதைத் தேடும் சல்லடையாக இதைப் பயன்படுத்த, இன்று கையில் இருக்கும் சான்று போதாது. அதற்கு, இரண்டு நோயும் உள்ளவர்களை விலக்காமல், அவர்களை மட்டுமே சேர்த்து நடத்தும் ஆய்வுகள் வேண்டும்.

இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். இதயம் நன்றாகச் சுருங்காத வகையில் ஆயுளைக் கூட்டும் மருந்துகளில் ஒன்று பீட்டா பிளாக்கர். இதயத்தை மட்டும் குறிவைக்கும் வகைகளை சி.ஓ.பி.டி. உள்ளவர்களும் பாதுகாப்பாக எடுக்கலாம் என்று வழிகாட்டு நெறிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. ஆனாலும் ‘இளைப்பு நோய்க்காரர், மூச்சுக்குழாய் சுருங்கிவிடும்’ என்று பலருக்கு அது எழுதப்படுவதே இல்லை.